“நீங்களே அனுப்பிய பணம்” என்று வங்கி சொன்னால்...

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தனியாக வசிக்கும் 71 வயதுத் தந்தைக்காக, கோவையில் பணிபுரியும் மகள் எழுதிய நீண்ட கடிதத்துக்கான பதில் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

தந்தை கூட்டுறவுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒரு வியாழக்கிழமை காலை அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது. அவருடைய ஆதாரைக் காட்டி வாங்கிய சிம் ஒன்று மும்பையில் பணமோசடிக்குப் பயன்பட்டிருக்கிறது என்று ஒருவர் சொல்ல, சீருடையணிந்த இன்னொருவர் வாட்ஸ்அப் வீடியோவில் தோன்றி, “நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், யாரிடம் சொன்னாலும் அவர்களும் குற்றவாளிகளாவார்கள்” என்று மிரட்டியிருக்கிறார். இரவும் அழைப்பைத் துண்டிக்க விடவில்லை. மறுநாள் தந்தை வங்கிக் கிளைக்குப் போய், வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முறித்து, 9,00,000 ரூபாயை அவர்கள் சொன்ன கணக்குக்கு ஆர்.டி.ஜி.எஸ். மூலம் அனுப்பிவிட்டார். சரிபார்ப்புக்கு என்று அவர்கள் அனுப்பிய ஏ.பி.கே. கோப்பு (செயலியை நிறுவும் கோப்பு) ஒன்றையும் கைப்பேசியில் நிறுவியிருக்கிறார். சனிக்கிழமை இரவு, அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது, ஓய்வூதியம் வரும் கணக்கிலிருந்து மூன்று தவணைகளாக 1,48,000 ரூபாய் போயிருக்கிறது.

மகளுக்கு விஷயம் தெரிந்தது திங்கள் இரவு. உடனே இணையவழிப் பணமோசடிகளுக்கான 1930 உதவி எண்ணை அழைத்துப் புகார் பதிவு செய்து, ஒப்புகை எண்ணும் பெற்றுவிட்டார். செவ்வாய் காலை வங்கியிலிருந்து இணைய வங்கிச் சேவை முடக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. புதன்கிழமை தந்தையுடன் கிளைக்குப் போய்க் கடிதம் கொடுத்தபோது, மேலாளர், “எல்லாம் அவரே செய்தது, நாங்கள் பொறுப்பல்ல, மூன்று நாள் கெடுவும் முடிந்துவிட்டது” என்று சொல்லியிருக்கிறார். 1,12,000 ரூபாய் வேறொரு வங்கியில் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகக் காவல் துறையிலிருந்து தகவல். இதற்கிடையில் ஒரு ‘வழக்கறிஞர்’ தானாகவே தொலைபேசியில் அழைத்து, 15 சதவீதக் கட்டணத்தில் முழுப் பணத்தையும் மீட்டுத் தருவதாகச் சொல்கிறார். அண்ணனோ, கைப்பேசியை முழுவதுமாக அழித்துவிட்டு, அப்பாவின் கணக்குகளையெல்லாம் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். தந்தை சரியாகச் சாப்பிடுவதில்லை, காவல் நிலையத்துக்கு வரவும் மறுக்கிறார். தன் மீது உண்மையிலேயே ஒரு வழக்கு இருக்குமோ என்ற அச்சம் அவருக்கு இன்னும் போகவில்லை.

அன்புள்ள சகோதரி,

வங்கி, காவல் துறை, பணம் என்று கேள்விகளை வரிசையாக எழுதிவிட்டு, அப்பா சாப்பிடுவதில்லை என்பதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க விரும்புகிறேன். வாழ்நாள் முழுவதும் பிறர் பணத்துக்குக் கணக்கு வைத்துப் பழகியவர், தன் பணத்தை இப்படி இழந்ததை அவமானமாகவே எடுத்துக்கொள்வார். சில நாட்களுக்காவது அவரைத் தனியாக விடாதீர்கள். “ஏன்தான் அனுப்பினீர்களோ” என்ற வார்த்தை வீட்டில் யார் வாயிலிருந்தும் வர வேண்டாம். உயிரை வெறுத்துப் பேசுகிறார் என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

உங்கள் தந்தை மீது வழக்கு இல்லை

‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்குமே கிடையாது. கைது என்பது காவலர் நேரில் வந்து, காரணத்தைத் தெரிவித்து, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டிய நடவடிக்கை. வீடியோ அழைப்பில் யாரையும் காவலில் வைக்க எந்த அதிகாரிக்கும் அதிகாரமில்லை. விசாரணைக்கு வரச்சொல்லும் அறிவிப்பைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

இதை நீங்கள் சொன்னால் அவர் நம்பாமல் போகலாம். ஆகவே இதையும் சொல்லுங்கள்: ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியரிடம், உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி ஆணைகளைக் காட்டி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பறித்தார்கள். அந்தத் தம்பதியர் எழுதிய கடிதத்தைப் பார்த்த உச்ச நீதிமன்றம், 2025 அக்டோபரில் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. டிசம்பரில் டிஜிட்டல் கைது மோசடிகளை சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்றும், மோசடிக் கணக்குகள் தொடங்க வங்கி ஊழியர்கள் உடந்தையாக இருந்தார்களா என்பதையும் பார்க்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் இந்தத் தம்பதியரைப் பாதிக்கப்பட்டவர்களாகத்தான் பார்த்தது. உங்கள் தந்தையும் அப்படித்தான். காவல் நிலையத்தில் அவர் உட்காரப்போவது புகார்தாரரின் நாற்காலியில்.

அவருடைய பெயரில் வேறு சிம்கள் இருக்கின்றனவா என்ற ஐயத்தைத் தீர்க்கவும் வழி உண்டு. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவர் பெயரில் உள்ள எண்களைப் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே முறையிட்டு நீக்கலாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கண் முன்னாலேயே இதைச் செய்யுங்கள். எத்தனையோ வீடுகளில் நான் சொல்லும் சட்டத்தைவிட அந்தப் பட்டியல்தான் அச்சத்தைப் போக்கியிருக்கிறது.

10,48,000 ரூபாயை ஒரே இழப்பாகப் பார்க்காதீர்கள்

உங்கள் கடிதத்தில் நான் அதிகம் வேறுபடுவது இந்த இடத்தில்தான். மேலாளர் எல்லாவற்றையும் சேர்த்து “அவரே செய்தது” என்றார். நீங்களும் எல்லாவற்றையும் சேர்த்தே வங்கியிடம் திருப்பிக் கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தின் பார்வையில் அங்கே நடந்தவை இரண்டு வேறு வகைப் பரிமாற்றங்கள்.

வெள்ளிக்கிழமை போன 9,00,000 ரூபாய், அவர் கையெழுத்திட்ட படிவத்தின்படி வங்கி அனுப்பியது. ஏமாற்றப்பட்டு இட்ட கையெழுத்து என்றாலும், வங்கியைப் பொறுத்தவரை அது வாடிக்கையாளரின் உத்தரவு. ஆகவே, அங்கீகாரமற்ற பரிமாற்றங்களில் வாடிக்கையாளர் ஏற்க வேண்டிய இழப்புக்கு வரம்பு கட்டி ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வகுத்த விதிகளின் பாதுகாப்பு இந்தத் தொகைக்குக் கிடைக்காது என்பதை உங்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். 71 வயது முதியவர் பதற்றத்தோடு வந்து, ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த வைப்புத்தொகையை முறித்து, முன்பின் தெரியாத வெளிமாநிலக் கணக்குக்கு மொத்தத்தையும் அனுப்பும்போது ஒரு கேள்விகூடக் கேட்காதது சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் வாதிட இடமுண்டு. அதற்கு இரண்டு ஆண்டுகள் அவகாசமும் உண்டு. ஆனால் அது வலுவான வாதமென்று சொல்லி உங்களை நம்பவைக்க மாட்டேன். இந்தத் தொகையைப் பொறுத்தவரை உங்கள் முதன்மையான வழி காவல் துறையும் நடுவர் நீதிமன்றமும்தான்.

சனிக்கிழமை இரவு போன 1,48,000 ரூபாயின் கதை வேறு. அந்தப் பரிமாற்றங்களை அவர் செய்யவில்லை. அவர் அறியாமலேயே அந்தச் செயலி கைப்பேசிக்குள் வந்த ஓ.டி.பி.யைப் படித்து வெளியே அனுப்பியிருக்கிறது என்றே கடிதத்திலிருந்து தெரிகிறது. அங்கீகாரமற்ற மின்னணுப் பரிமாற்றம் என்பது இதுதான். 2017 விதிகளின்படி, குறை வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ இருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால், வாடிக்கையாளருக்கு எந்த இழப்பும் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அவர் ஏற்க வேண்டிய உச்ச அளவு ஒரு பரிமாற்றத்துக்கு 10,000 ரூபாய். அதற்கும் பிறகு என்றால், அந்த வங்கியின் இயக்குநர் குழு வகுத்த கொள்கைப்படி.

“மூன்று நாள் கெடு முடிந்துவிட்டது” என்று மேலாளர் சொன்னதை நீங்களும் ஏற்றுக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பாருங்கள். விதி சொல்வது வேலை நாட்களை. அதுவும் கணக்கு உள்ள கிளையின் வேலை நாட்களை. பரிமாற்றம் பற்றிய தகவல் வந்த நாளை நீக்கிவிட்டுத்தான் எண்ண வேண்டும். சனிக்கிழமை தகவல் வந்த நாள், நீங்கிவிட்டது. ஞாயிறு விடுமுறை. திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள். நீங்கள் கடிதத்தோடு போனது மூன்றாவது வேலை நாளில்.

அதையும்விடப் பலமான ஒரு சான்று உங்களிடம் இருக்கிறது; அதன் மதிப்பு தெரியாமல் கடிதத்தோடு படமாக இணைத்திருக்கிறீர்கள். செவ்வாய் காலை வந்த, இணைய வங்கிச் சேவை முடக்கப்பட்டது என்ற குறுஞ்செய்தி. திங்கள் இரவு 1930இல் நீங்கள் கொடுத்த புகார் அந்த எண்ணின் பின்னாலுள்ள அமைப்பின் வழியாக வங்கிக்குப் போயிருக்கிறது, வங்கியும் அதன் மீது நடவடிக்கை எடுத்திருக்கிறது. புதன்கிழமை கடிதத்துக்கு மேலாளர் முத்திரையிட்டுத் தரவில்லை என்று வருந்த வேண்டாம். செவ்வாய்க்கிழமையே வங்கிக்குத் தெரியும் என்பதற்கு வங்கி அனுப்பிய செய்தியே சாட்சி. அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள்.

வங்கி என்ன சொல்லும் என்பதையும் நீங்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். செயலியை நிறுவியது அவருடைய கவனக்குறைவு. ஆகவே, புகார் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையதே என்பார்கள். கவனக்குறைவு என்பதற்கு விதியில் தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டு, கடவுச்சொல் போன்ற பணப்பரிமாற்றச் சான்றுகளைப் பிறரிடம் பகிர்வது. உங்கள் தந்தை யாரிடமும் ஓ.டி.பி. சொல்லவில்லை என்கிறீர்கள், அப்படியானால் மிரட்டலின் கீழ் ஒரு கோப்பைத் திறந்ததைப் பகிர்தலுக்குச் சமமாக்க முடியாது என்பது நம் வாதம். வாடிக்கையாளரின் பொறுப்பை மெய்ப்பிக்கும் சுமையும் வங்கியின் மீதே இருக்கிறது. இது நிச்சயம் வெல்லும் என்று என்னால் உறுதி தர முடியாது. ஆனால் 9,00,000 ரூபாயோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தபோது இருந்ததைவிட, பிரித்து வைத்தால் இந்தக் கோரிக்கை எவ்வளவோ வலுவானது.

எனவே ஓய்வூதியக் கணக்குக்கு மட்டும் தனியாக ஒரு புகார் எழுதுங்கள். மூன்று பரிமாற்றங்களின் நேரம், தொகை, பரிமாற்ற எண், அந்த நேரத்தில் தந்தை எங்கே இருந்தார், வங்கிக்கு எப்போது எப்படித் தெரிந்தது என்று வரிசையாக இருக்கட்டும். அழுகையும் வசையும் வேண்டாம். கிளைக்கு, ஒப்படைத்ததற்கான சான்று கேட்டு, பதிவு வசதியுடன் விரைவுத் தபாலிலும், வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தெரிவித்த நாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் புகாரைத் தீர்க்க வேண்டும் என்ற விதிகளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. வழக்கறிஞரான நான் என் தொழிலுக்கு எதிராகவே சொல்கிறேன், இந்தக் கட்டத்தில் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

நிறுத்தி வைக்கப்பட்ட 1,12,000 ரூபாய்

நிறுத்தி வைத்த பணம் தானாகவே திரும்பி வந்துவிடும் என்று நினைத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் அப்படி வருவதில்லை. மோசடிக்காரர்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து நான்கு, நான்கிலிருந்து பதினைந்து என்று சில நிமிடங்களில் சிதறடிப்பார்கள். 1930 அமைப்பு அந்தத் தடத்தைப் பின்தொடர்ந்து, எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே தடுத்து நிறுத்துகிறது. அதே கணக்கில் வேறு பாதிக்கப்பட்டவர்களின் பணமும் கலந்திருக்கும். ஆகவே யாருக்கு எவ்வளவு என்பதை நீதிமன்றம் பார்த்து விடுவிக்க வேண்டியிருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆம் பிரிவின் கீழ், அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 457ஆம் பிரிவுக்கு இணையான பிரிவின் கீழ், நீதித்துறை நடுவரிடம் மனு செய்வதே வழக்கமான வழி.

அதற்கு அடிப்படை முதல் தகவல் அறிக்கை. உங்கள் கையில் இருப்பது 1930 ஒப்புகை எண்ணும், மாவட்ட சைபர் கிரைம் நிலையத்தில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதும் மட்டுமே. ரசீது என்பது மனு பெற்றுக்கொண்டதற்கான சான்றுதான், அதை எஃப்.ஐ.ஆர். என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். தந்தையின் கையெழுத்துடன் எழுத்துமூலப் புகார் கொடுத்து, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 319 பிரிவுகள், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் ஆகியவற்றின் கீழ் வழக்குப் பதியக் கோருங்கள். குற்றம் வேறு மாநிலத்தில் நடந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதன்பின் நடுவரிடம் போகலாம்.

கைப்பேசியை முழுவதுமாக அழிக்க வேண்டும் என்ற அண்ணனின் யோசனையை இப்போதே நிறுத்துங்கள். அந்த ஏ.பி.கே. கோப்புதான் 1,48,000 ரூபாய் எப்படிப் போனது என்பதற்கான மிக முக்கியமான சாட்சி. சிம்மைக் கழற்றி வேறு கைப்பேசியில் போடுங்கள். பழையதை அணைத்து ஓர் உறையில் வைத்து, காவல் துறையிடம் எழுத்துமூலம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பயத்தில் அப்பா வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிட்டார் என்கிறீர்கள். அதனால் வழக்கு போய்விடாது. அழைப்பு விவரங்களையும் வங்கிப் பதிவுகளையும் காவல் துறை உரிய நிறுவனங்களிடமிருந்து பெற முடியும்.

பதினைந்து சதவீத ‘வழக்கறிஞர்’

உங்கள் எண் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஏமாந்தவர்களின் பட்டியல் அதே கும்பல்களிடம்தான் இருக்கிறது. பணம் பறிபோனவரைச் சில நாட்கள் கழித்து அழைத்து, மீட்டுத் தருகிறோம் என்று இரண்டாவது முறை பறிப்பது இந்தத் தொழிலின் வழக்கமான அடுத்த கட்டம். முதலில் 15 சதவீதம், பிறகு நீதிமன்றக் கட்டணம், பிறகு ஜி.எஸ்.டி. என்று போய்க்கொண்டே இருக்கும்.

ஒருவேளை அவர் உண்மையிலேயே வழக்கறிஞராக இருந்தாலும், இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளின்படி நாங்கள் வழக்குத் தேடி ஆள் பிடிக்கக் கூடாது. வழக்கின் முடிவைச் சார்ந்து சதவீதக் கட்டணம் பேசவும் கூடாது. இரண்டு விதிகளையும் ஒரே அழைப்பில் மீறியவரிடம் உங்கள் தந்தையின் ஆதார் நகலைக் கொடுக்க வேண்டாம். அந்த எண்ணை சஞ்சார் சாத்தியின் சக்ஷு பகுதியில் தெரிவித்துவிடுங்கள். வழக்கறிஞர் தேவைப்படும் கட்டம் வந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். வருமான வரம்புக்கு உட்பட்ட மூத்த குடிமக்களுக்கு அங்கே இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கணக்குகளை யார் வைத்துக்கொள்வது

அண்ணனின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் உங்கள் தந்தை சுயநினைவோடு தன் காரியங்களைத் தானே பார்க்கும் மனிதர். அவருடைய பணத்தைப் பிள்ளைகள் ‘எடுத்துக்கொள்ள’ சட்டம் இடம் தராது. ஏ.டி.எம். அட்டையையும் கைப்பேசியையும் வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த முறை மிரட்டல் வரும்போது உங்களிடம் சொல்ல அவர் இன்னும் தயங்குவார். யாரிடமும் சொல்ல விடாமல் அவரைத் தனிமைப்படுத்தியதுதான் அந்தக் கும்பலின் உத்தி என்பதை அண்ணனிடம் சொல்லுங்கள்.

அவரோடு உட்கார்ந்து பேசி, அவர் சம்மதத்தோடு செய்யக்கூடியவை சில உண்டு. அன்றாடச் செலவுக்குச் சிறிய தொகையுள்ள ஒரு கணக்கை மட்டும் யு.பி.ஐ.யோடு இணைத்துவிட்டு, ஓய்வூதியக் கணக்கில் இணைய வங்கியை நிறுத்தி வைக்கலாம். யு.பி.ஐ. தினசரி வரம்பையும் அட்டை வரம்பையும் வங்கிச் செயலியிலேயே குறைத்துக்கொள்ளலாம். மிஞ்சியிருக்கும் வைப்புத்தொகையை அவரும் நீங்களும் சேர்ந்து இயக்கும் முறையில் மாற்றினால், முதிர்வுக்கு முன் முறிக்க இருவர் கையெழுத்தும் தேவைப்படும். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி ஏற்பாடுதான். அந்த வெள்ளிக்கிழமை அது இருந்திருந்தால், அவர் கோவைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போட்டே ஆக வேண்டியிருந்திருக்கும். ‘யாராவது ஒருவர்’ இயக்கலாம் என்ற முறையில் பெயர் சேர்த்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்குமா என்பது அந்த வங்கியின் நிபந்தனையைப் பொறுத்தது. படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறியிடுகிறீர்கள் என்று கேட்டுத் தெளிந்து கையெழுத்திடுங்கள்.

ஆதார் செயலியில் கைரேகைப் பூட்டைப் போட்டுவிடுவதும் நல்லது. புதிய கைப்பேசியில் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் கோப்புகளை நிறுவும் அனுமதியை அணைத்து வையுங்கள். போக்குவரத்து அபராதம், திருமண அழைப்பிதழ், கே.ஒய்.சி. என்று எந்தப் பெயரில் வந்தாலும் ஏ.பி.கே. கோப்பைத் திறக்க வேண்டியதில்லை. வங்கிகளின் இணையதள முகவரிகள் இப்போது ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என்பதையும் அவருக்குக் காட்டிக்கொடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டே: ஓய்வூதியக் கணக்குக்கான தனிப் புகார் தபாலில் போக வேண்டும், தந்தையை அழைத்துக்கொண்டு சைபர் கிரைம் நிலையத்துக்குப் போய் எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கேட்க வேண்டும். போகும்போது இரண்டு கணக்குகளின் அச்சிட்ட அறிக்கைகள், ஆர்.டி.ஜி.எஸ். படிவத்தின் நகல், 1930 ஒப்புகை எண், அந்தச் செவ்வாய்க்கிழமைக் குறுஞ்செய்தியின் அச்சு, உறையிலிட்ட கைப்பேசி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நடந்ததை அவரே தன் வாயால் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.